விநாடியை அளக்கும் கருவி: நிறுத்துக் கடிகாரம் வாங்குதலும் பழகுதலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் குருபரப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லைப்புறச் சீமை இது. மாந்தோப்பும் ராகிக் கொல்லையும் தக்காளித் தோட்டமும் ஒருபுறமிருக்க, சிப்காட் தொழிற்பூங்காவும் இங்கே எழுந்துவிட்டது. ஆதலின் ஒரே வீட்டில் இருவகைக் காலக்கணக்கு நிலவுவதைக் காணலாம். ஷிப்டு வண்டி வரும் நிமிடத்தைக் கணக்கிட்டு மகன் வாசலில் நிற்கிறான். தந்தையோ, "வெயில் தாழட்டும், மடை திருப்பலாம்" என்று கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருக்கிறார். இரண்டும் அவரவர் தொழிலுக்கு ஏற்ற கணக்குகளே. ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கூறுவதற்கில்லை.

ஆயினும் பொழுதைக் கொண்டு அளந்தால் தீராத வழக்குகள் சில உண்டு. அத்தகைய வழக்கு ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பங்காளிகள் இருவர், பொதுக்கிணறு ஒன்று, மோட்டாரும் பொது. மும்முனை மின்சாரம் வரும் வேளையை இரண்டாகப் பிரித்து, முதல் மூன்று மணி நேரம் அண்ணனுக்கும் அடுத்த மூன்று மணி நேரம் தம்பிக்கும் என்று பெரியவர்கள் முன்னிலையில் ஏற்பாடு. பல ஆண்டுகள் இது குறையின்றி நடந்தது. இருவரும் தக்காளி பயிரிட்ட பின்னர், தம்பியின் கொல்லையில் கடைசி வரப்பு எப்போதும் காய்ந்தே கிடந்தது. "அண்ணா, மணி சமம்தான், தண்ணீர் சமமில்லை" என்று அவர் கூற, "கடிகாரத்தைப் பார்த்துத்தானே மோட்டாரை நிறுத்துகிறேன், உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்று மூத்தவர் மனம் நொந்தார். இருவரும் நம் சங்கத்து அங்கத்தினர்கள். இருவரும் பொய் சொல்லாதவர்கள். சங்கத்துச் செயலாளர் என்னை அழைத்து, "ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கி வாருங்கள், அளந்தே பார்த்துவிடுவோம்" என்றார். தறிக்கூலி பற்றிய வேறொரு விவகாரமும் அவர் மனத்தில் இருந்தது. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

கிருஷ்ணகிரியில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் நிறுத்துக் கடிகாரங்கள் கிடைக்கின்றன. முள் உள்ளவை இக்காலத்தில் அரிது. எண்களைக் காட்டும் மின்னணுக் கருவிகளே எங்கும். சில நூறு ரூபாய் கொடுத்தால் நம் வேலைக்குப் போதுமானது வந்துவிடும். கடைக்காரர் என் முன் நான்கைந்தைப் பரப்பி, பத்து நினைவு, நூறு நினைவு என்று விலையை ஏற்றிக்கொண்டே போனார். நினைவு என்பது, ஓட்டக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்த நேரத்தைக் கருவி தன்னுள் சேர்த்து வைப்பது. பள்ளி விளையாட்டு ஆசிரியருக்கு அது வேண்டும். கிணற்றடியிலும் தறியடியிலும் நிற்பவருக்கு ஒரு நோட்டும் பென்சிலும் அதைவிட நன்று.

நாம் பார்க்க வேண்டியவை வேறு. எண்கள் பெரியனவாகவும், நண்பகல் வெயிலில் நின்று பார்த்தாலும் தெரிவனவாகவும் இருத்தல் வேண்டும். கடையின் விளக்கொளியில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும், ஆகையால் வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். பொத்தானை அழுத்தினால் 'க்ளிக்' என்று விரலுக்குத் தெரியவேண்டும். மெத்தென்று அமுங்கும் பொத்தான் அழுந்திற்றா இல்லையா என்று ஐயம் எழும். அந்த ஐயத்திலேயே அரை விநாடி போய்விடும். பின்புற மூடி திருகாணியால் பூட்டப்பட்டு, பட்டன் செல்லை நாமே மாற்றத் தக்கதாய் இருத்தல் நலம். எந்தச் செல் என்பதை மூடியில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அது உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்க. கழுத்தில் மாட்டும் கயிறு அவசியம்; கிணற்றை எட்டிப் பார்ப்பவர் கையில் உள்ள பொருள் எங்கே போய்ச் சேரும் என்பது அங்கத்தினர்களுக்குத் தெரியாததன்று.

"கைப்பேசியிலேயே இது இருக்கிறதே, தனியே காசு கொடுப்பானேன்?" என்று சங்கத்து வாசலில் ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. நேரத்தை அளப்பதில் கைப்பேசி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. ஆயினும் ஈரக்கையால் கண்ணாடித் திரையைத் தொட்டால் அது பணியாமற் போவதுண்டு. தொடங்கவும் நிறுத்தவும் திரையைக் கண்ணால் பார்க்கவேண்டும். நடுவே அழைப்பும் வரும். பொத்தான் உள்ள கருவியோ, கண் தண்ணீரின் விளிம்பில் இருக்க விரல் தன் வேலையைச் செய்ய இடங்கொடுக்கும். சாயத்தொட்டி அருகிலும் பூச்சிமருந்து கலக்கும் இடத்திலும் நம் கைப்பேசியை எடுக்காமலிருப்பதே மேல். தனியாள் ஒருமுறை அளக்க வேண்டுமாயின் கைப்பேசியே போதும். பலர் மாறி மாறி எடுத்துச் செல்லும் சங்கத்துக்குத் தனிக்கருவி தகும்.

இனி, வாங்கியதைப் பழக்கும் முறை. பெரும்பாலான கருவிகளில் பொத்தான்கள் மூன்று. வலப்பக்கத்தது தொடங்கவும் நிறுத்தவும் பயன்படும். இடப்பக்கத்தது, கருவி ஓடும்போது அழுத்தினால் இடைநேரத்தைக் காட்டும். நின்றிருக்கும்போது அழுத்தினால் எண்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பும். நடுப்பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கடிகார நேரம், விழிப்பு மணி, நிறுத்துக் கடிகாரம் என்று நிலை மாறிவரும். நேரத்தைத் திருத்தும் நிலையும் அந்தச் சுற்றில் ஒன்று. அந்நிலைக்கு வந்தவுடன் விநாடி எண்கள் மின்னத் தொடங்கும். ஒரு பொத்தான் மின்னும் இடத்தை விநாடியிலிருந்து நிமிடத்துக்கும் மணிக்கும் தேதிக்கும் நகர்த்தும். மற்றொன்று அங்குள்ள எண்ணை உயர்த்தும். எது எந்தப் பக்கம் என்பது செய்தவரைப் பொறுத்து வேறுபடும். பெட்டியுள் மடித்து வைத்த சிறு தாளை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் தெரிந்துகொள்ளலாம். நான் எறிந்துவிட்டு, மறுநாள் குப்பைக்கூடையில் தேடியவன்.

விழிப்பு மணியையும், மணிக்கொருமுறை ஒலிக்கும் சிறு ஒலியையும் முதல் வேலையாக அணைத்துவிடுவது உத்தமம். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கடன் பாக்கி பற்றிய பேச்சு சூடேறிய வேளையில் என் சட்டைப்பையிலிருந்து அது கூவியதும், தலைவர் என்னைப் பார்த்த பார்வையும் இன்னும் மறக்கவில்லை.

இடைநேரப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவேண்டும். புதியவர் எல்லோரும் தவறுவது இங்கேதான். கருவி ஓடும்போது இடப்பொத்தானை அழுத்தினால் திரையில் எண்கள் நின்றுவிடும். கருவி நின்றுவிட்டது என்றே நாம் கருதுவோம். உள்ளே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். மறுபடி அழுத்தியவுடன் எண்கள் ஒரே பாய்ச்சலில் தாவிச் செல்லும். நான் முதன்முதலில் கிணற்றடியில் அளந்த மூன்று அளவுகளும் இவ்வாறே பாழாயின. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பல மாதங்களுக்குப் பின் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று பிறகு கேள்வியுற்றேன். மற்றொரு குறிப்பு: முதல் அரைமணி நேரம் வரை விநாடியின் நூறில் ஒரு பங்கைக் காட்டி, அதன்பின் விநாடியை மட்டும் காட்டும் கருவிகள் உண்டு. அது பழுதன்று.

இக்கருவி எங்ஙனம் காலத்தை அறிகிறது என்பது கேட்கத் தக்க செய்தி. உள்ளே படிகக்கல்லின் சிறு துண்டு ஒன்று இருக்கிறது. குவார்ட்ஸ் என்று அதற்குப் பெயர். இத்தகைய படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டனர். மின்சாரத்தைக் கொடுத்தால் படிகம் அதிரும் என்பது அதன் மறுதலை. இசைக்கவை போல் வெட்டப்பட்ட அத்துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இஃதென்ன விநோத எண் என்று வியக்கவேண்டாம். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும்; பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிக எளிய வேலை. 1927இல் அமெரிக்காவில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் செய்யப்பட்டபோது அது மேசைமேல் வைக்கவும் பெரிதாக இருந்தது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் டோக்கியோவில் சீக்கோ நிறுவனத்தார் அதனை மணிக்கட்டில் அணியும் அளவுக்குச் சுருக்கி விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

இவ்வரலாற்றில் நம் சீமைக்கும் ஓர் இடம் உண்டு. பெங்களூரில் 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கிற்று. சாவி கொடுக்கும் அக்கடிகாரம் நம் தந்தையர் பலருக்குக் கலியாணச் சீராக வந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் ஆலையை அமைத்தன. குவார்ட்ஸ் கடிகாரத்தையே அவர்கள் பெரிதும் நம்பினர். அன்று ஓசூர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் பிறந்தது. எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழில் 2016இல் மூடப்பட்டது. ஓசூர் ஆலை இன்றும் நடக்கிறது. நான் வாங்கிய கருவி அங்கே செய்ததன்று என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மலிவான குவார்ட்ஸ் கருவி பத்து லட்சத்தில் இருபது பங்கு தவறும் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 1.7 விநாடியே பிழை. ஐம்பது விநாடி அளவில் அது ஆயிரத்தில் ஒரு விநாடி. ஆகவே கருவி நம்மை ஏமாற்றுவதில்லை. நம் விரல்தான் ஏமாற்றும். கண் கண்டதை விரல் செய்வதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரேயளவு தாமதித்தால் ஒன்றையொன்று கழித்துவிடும். ஆனால் முடிவை எதிர்பார்த்து முன்கூட்டியே அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 1960இல் ரோம் நகர ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓடியபோது கையால் அளந்த நேரம் 45.6 விநாடி, மின்கருவி காட்டியது 45.73. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பி. டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர் 55.41. அந்த நூறில் ஒரு பங்கைப் பிரித்தறிய விரல் உதவாது, ஒளிப்படக் கருவியே வேண்டும். ஆகையால் நம் கருவியின் திரையில் விரைந்தோடும் கடைசி இரண்டு எண்களை நாம் நம்பவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

இதிலிருந்து கிணற்றடிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. விநாடிக்கு நான்கு லிட்டர் கொட்டும் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தால் நான்கு விநாடிக்குள் நிரம்பிவிடும். அதில் அரை விநாடி தவறினால் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு பிழை. அதே குழாயின் கீழ் 200 லிட்டர் பீப்பாயை வைத்தால் 50 விநாடி ஆகும். அதே அரை விநாடித் தவறு நூற்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். விலையுயர்ந்த கருவி வாங்குவதைக் காட்டிலும் பெரிய பாத்திரம் தேடுவது புத்திசாலித்தனம். மூன்று முறை அளந்து, ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டால் காரணத்தைத் தேடியபின் சராசரி காண்க.

பீப்பாயை உருட்டி வந்து மோட்டார் போட்டவுடன் அளந்தோம்: 50 விநாடி. அண்ணனின் முறை முடியும் தறுவாயில் மறுபடி அளந்தோம்: 64 விநாடி. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டார் அதிக உயரத்துக்கு நீரை ஏற்றவேண்டியிருப்பதால் கொட்டும் அளவு குறைந்துவிட்டது. தொடக்கத்தில் விநாடிக்கு 4 லிட்டர். மூன்று மணி நேரம் கழிந்தபோது 3.1 லிட்டருக்குச் சற்று மேல். தம்பியின் பங்கு தொடங்குவதே அந்தக் குறைந்த நீரில்தான். மூத்தவர் சொன்ன மணியும் மெய். இளையவர் சொன்ன குறையும் மெய். இப்போது ஒரு நாள் அண்ணன் முன், மறுநாள் தம்பி முன் என்று முறை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் செய்த ஏற்பாட்டை மாற்றலாமா என்று மூத்தவர் இரண்டு நாள் யோசித்தார் என்பதும் உண்மை.

இந்த அளவைக் கொண்டு இன்னொன்றும் அறியலாம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க ஏறக்குறைய 1,02,800 லிட்டர் வேண்டும். விநாடிக்கு 4 லிட்டர் வீதம் அதற்கு 7 மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். வாய்க்காலில் ஊறிப்போவது தனி. மூன்று மணி நேர மின்சாரத்தில் ஓர் ஏக்கர் நனைந்துவிடும் என்று எண்ணியிருந்த பலர் இக்கணக்கைக் கேட்டபின் சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினர்.

சொட்டுநீர் அமைத்தவர்களுக்கு 36 விநாடி என்னும் எண்ணை நினைவில் வைக்கும்படி சொல்வேன். அது ஒரு மணியின் நூறில் ஒரு பங்கு. சொட்டுவானின் கீழ் ஒரு கிண்ணத்தை வைத்து 36 விநாடியில் சேரும் நீரை மில்லி லிட்டரில் அளந்து நூறால் பெருக்கினால், ஒரு மணிக்கு எவ்வளவு என்பது வந்துவிடும். மணிக்கு 4 லிட்டர் தருவதாக விற்கப்பட்ட சொட்டுவான் 40 மில்லி தரவேண்டும். குழாயின் தலைப்பில் 40, கடைசியில் 25 என்று வந்தால் எங்கோ அடைப்பு அல்லது அழுத்தக் குறைவு. கடைசிச் செடி வாடுவதற்கு முன்பே அது தெரிந்துவிடும்.

மருந்து தெளிப்பவர்க்கும் இது பயன்படும். ஏக்கருக்கு இத்தனை மில்லி என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறது. டாங்கிக்கு எத்தனை மூடி என்றுதான் நாம் கலக்குகிறோம். இரண்டுக்கும் இடையில் உள்ள கணக்கை யாரும் போடுவதில்லை. வெறும் தண்ணீரை நிரப்பி, ஒரு நிமிடத்தில் தெளிப்பு முனையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். 900 மில்லி என்று வைப்போம். பின்னர் வழக்கமாக நடக்கும் நடையில் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் செல்கிறீர்கள் என்று பாருங்கள். 30 மீட்டர் என்க. ஒரு மீட்டர் அகலம் நனையுமானால் நிமிடத்துக்கு 30 சதுர மீட்டர் ஆகிறது. ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே 135 நிமிடம், ஏறக்குறைய 121 லிட்டர். 16 லிட்டர் டாங்கியால் ஏழரை டாங்கி. ஏக்கர் மருந்தை ஏழரையாகப் பிரித்தால் ஒரு டாங்கிக்கு உரியது வரும். பத்து டாங்கி என்று மனக்கணக்குப் போட்டு மருந்தைப் பத்தாகப் பிரித்தவரின் வயலில் கால் பங்கு மருந்து குறைவு. ஐந்து என்று போட்டவர், தேவைக்கு மேல் ஒன்றரை மடங்கு கலந்து, தம் மூச்சிலும் அதனை ஏற்றுக்கொள்கிறார்.

நிற்க. தறிக்கூலி விவகாரத்துக்கு வருவோம்.

கைத்தறிச் சங்கம் ஒன்றில் புதுக் கரை வைத்த சேலை அறிமுகமாயிற்று. பழைய சேலைக்குரிய கூலியோடு சிறிது சேர்த்துக் கொடுப்பதாக நிர்வாகம் கூறியது. நேரம் மிகுதியாகிறது என்று நெசவாளர் கூறினர். எவ்வளவு மிகுதி என்று எவராலும் சொல்ல முடியவில்லை. "அளந்து பார்ப்போம்" என்றவுடன் முதலில் எதிர்த்தவர்கள் நெசவாளர்களே. தறியின் தலைமாட்டில் ஒருவன் கடிகாரத்துடன் நிற்பதை எந்தத் தொழிலாளிதான் விரும்புவான்? அவர்கள் அச்சத்துக்குச் சரித்திர ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்பவர் 1880களில் உருக்காலை ஒன்றில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொண்டு வேலையை அளக்கத் தொடங்கினார். அவர் முறை பரவியபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் அரசாங்க ஆயுதசாலையில், 1911 ஆகஸ்டில், தன்னைக் கடிகாரம் வைத்து அளக்கவிடாத வார்ப்புத் தொழிலாளி ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடனே வார்ப்புப் பட்டறை முழுதும் வேலைநிறுத்தம் செய்தது. அந்நாட்டுக் காங்கிரசு விசாரணை நடத்திற்று. 1915இல் இராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, நிறுத்துக் கடிகாரத்தால் தொழிலாளியை அளப்பவர்க்குச் சம்பளம் தரக்கூடாது என்று விதி சேர்த்தனர். அத்தடை 1949 வரை நீடித்தது. ஒரு சிறு கடிகாரத்துக்கு எதிராக ஒரு தேசத்தின் சட்டசபை எழுந்தது வேறெங்கும் நடந்ததாக நான் அறியேன்.

ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் தறியும் அங்கத்தினருடையது, சங்கமும் அவர்களுடையது. கடிகாரத்தை யார் பிடிப்பது என்பதே கேள்வி. நிர்வாகத்தின் ஆள் பிடிக்கவில்லை. நெசவாளர் தாமே தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் கையில் கொடுத்தனர். அளந்த குறிப்பின் நகல் ஒன்று தறிக்காரரிடமே இருந்தது. வேகமாக நெய்யும் இளைஞர், நடுத்தர வயதினர், மூத்தவர் என மூவரை, காலையிலும் பிற்பகலிலும், பல நாட்கள் அளந்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சிலர் கை விரையும், சிலர் கை தயங்கும். இரண்டு நாள் சென்றால் இரண்டும் அடங்கிவிடும்.

அங்கே கண்டதைக் கணக்கின் எளிமைக்காக ஓர் உதாரணமாகச் சொல்கிறேன். அங்குலத்துக்கு 60 ஊடை இழை உள்ள துணியில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 2,360 இழைகள். நாடா நூறு முறை ஓட 110 விநாடி ஆயிற்றென்றால் ஒரு மீட்டர் 43 நிமிடத்தில் முடியவேண்டும். நெசவாளரோ ஒரு மீட்டருக்கு 70 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். மீதி 27 நிமிடம் எங்கே போயிற்று? சோம்பலில் அன்று. அறுந்த பாவு இழையை விழுதிலும் அச்சிலும் கோத்து முடிவது, தீர்ந்த தாரை மாற்றுவது, நெய்த துணியைச் சுருட்டிப் பாவைத் தளர்த்துவது, அகலம் சுருங்காமல் நிறுத்தும் கம்பை நகர்த்தி வைப்பது என்று அத்தனையும் நெசவே. நாடா ஓடும் நேரத்தை மட்டும் அளந்து கூலி கட்டினால் நூற்றுக்கு முப்பத்தெட்டு பங்கு உழைப்பு கூலியின்றிப் போய்விடும். ஆகையால் நூறு ஊடை ஓடும் நேரத்தோடு நில்லாமல், காலை உட்கார்ந்தது முதல் ஒரு மீட்டர் முடியும் வரை கருவியை ஓடவிட்டு, இடைநேரப் பொத்தானால் ஒவ்வொரு தடையையும் குறிக்கவேண்டும். கிணற்றடியில் என்னை ஏமாற்றிய அதே பொத்தான் இங்கே பெருந்துணையாயிற்று.

புதுக் கரையில் தடை இன்னும் கூடியது. கரைக்குரிய சிறு நாடாக்களை ஒவ்வொன்றாகக் கையால் செலுத்தவேண்டியிருந்தது. நிர்வாகம் சேர்த்துக் கொடுக்க இருந்த தொகை போதாது என்பது எண்ணாலேயே தெரிந்தது. அதே எண்கள், நெசவாளர் கேட்ட முழுத் தொகைக்கும் ஆதாரம் தரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இருசாராரும் ஓரளவு மனக்குறையோடு ஒரு தொகைக்கு உடன்பட்டனர்.

ஒன்று மட்டும் எவர் குறிப்பிலும் ஏறவில்லை. குழித்தறியின் அருகே கடிகாரத்துடன் நின்றவருக்கு, வீட்டின் பின்கட்டில் ராட்டையருகே அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் தெரியவில்லை. பாவு பிணைக்க வந்த மாமியாரும் தெரியவில்லை. அவர்கள் செலவிடும் மணிக்கு யாரும் பொத்தானை அழுத்தவில்லை. இதனை நான் கூட்டத்தில் எழுப்பியபோது, "அது வீட்டு வேலைதானே" என்று ஒருவர் சொன்னார். பின்வரிசையில் இருந்த பெண் அங்கத்தினர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த முறை கருவி பின்கட்டுக்கும் செல்லும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அளப்பதற்கு ஒரு பெண் அங்கத்தினரையே நியமித்திருக்கிறார்கள்.

கருவி இப்போது சங்கத்துத் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. எடுத்துச் செல்வோர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மூன்று நாளில் திருப்பித் தரவேண்டும். மாற்றுச் செல் ஒன்று அலமாரியில் உண்டு. எண்கள் மங்கத் தொடங்கினால் செல் தீர்ந்துவருகிறது என்று பொருள், அப்போதே மாற்றிவிடுக. தீர்ந்த செல்லைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி போடலாகாது. விழுங்கிவிட்டால் உணவுக்குழலையே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும். பெட்டியிலிருந்த தாளை நான்காக மடித்துப் பதிவேட்டின் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.